இருட்டு நன்றாகத் தெரிகிற டிவி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் பாப்பாவும் சௌக்கியம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாள் முழுக்க டிவிப் பெட்டிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தால் முதுகுதான் என்ன செய்யும், பாவம்.

போனில் கேட்கக்கூடியதைக் கடிதத்தில் கேட்கிறானே என்று சிரிக்காதே. போனில் நீ சொல்வதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். தாளில் இருந்தால் திரும்பத் திரும்பப் படித்துக்கொள்ளலாம். அதோடு, நான் போனை எடுத்தாலே உன் அண்ணி பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள்.

விஷயம் இதுதான். பழைய டிவி மண்டையைப் போட்டுவிட்டது. நீ அனுப்பிய விளையாட்டுப் பெட்டியை மாட்ட வழியில்லாமல் பாப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். பதினாலு வயதாகிவிட்டது, இன்னும் எங்களுக்குப் பாப்பாதான். கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு நிமிஷம் பிளாஸ்மா என்கிறார், மறு நிமிஷம் எல்சிடி என்கிறார். தலை சுற்றித் திரும்பி வந்துவிட்டோம். சினிமா பார்க்க வேண்டும், பாப்பாவும் நானும் கார்ப் பந்தயம் ஆட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் தேவை. இருட்டான காட்சிகள் எதில் தெளிவாகத் தெரியும்? அதை முதலில் சொல்.

வேலை வழக்கம்போல. காலையில் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகிறேன். மாலை ஆறு மணிக்குச் சங்கு ஊதியதும் திரும்பக் கொண்டுவந்து தெருத்தெருவாக இறக்கிவிடுகிறேன். தையல் பிரிவு முடிந்து உன் அண்ணியும் என் பஸ்ஸில்தான் வருகிறாள். முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு வழி முழுக்க ஓயாத பேச்சு. பத்தொன்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு ரேடியோ இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

மறக்காதே. இருட்டுக் காட்சி எதில் தெரியும் என்று எழுது.

உன் அண்ணன்


பிப்ரவரி 19

அண்ணனுக்கு வணக்கம்.

நான் நலம். முதுகு அப்படியேதான், பழகிவிட்டது. அண்ணிக்கு அடிக்கடி வருகிற தலைவலி குறைந்ததா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் யாரும் என் தொழிலைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். எல்சிடியில் திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதனால் கறுப்பு என்பது வெளுத்த சாம்பலாகத்தான் வரும். பிளாஸ்மாவில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். இருட்டுக் காட்சியில் ஒருவன் கறுப்புச் சட்டையோடு நின்றாலும் சட்டையின் மடிப்பு தெரியும். கார் வேகமாகத் திரும்பும்போது படம் இழுபடாது. ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் நிறம் மாறாது.

குறையும் உண்டு. கனம், சூடு, கரண்ட் செலவு. வெயில் விழுகிற அறையில் மங்கலாக இருக்கும். விளையாட்டில் ஒரே இடத்தில் நிற்கிற ஸ்கோரை மணிக்கணக்கில் விட்டுவைத்தால் திரையில் தழும்பு விழும். பாப்பாவிடம் சொல்லிவையுங்கள். உங்கள் அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் சந்துப் பக்கம். யோசிக்கவே வேண்டாம், பிளாஸ்மா.

எடுத்து வரும்போது படுக்கவைக்காதீர்கள். நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும்.

அன்புத் தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் நலம். நீயும் நலம்தானே?

பிளாஸ்மா வந்துவிட்டது. இரண்டு ஆள் தூக்கியும் மூச்சு வாங்கியது. பாப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். எல்லாம் சரி, ஆனால் நீ சொன்னதுபோல் இல்லையே. போன ஞாயிறு ஒரு திருட்டுப் படம் பார்த்தோம். திருட்டைப் பற்றிய படம் என்கிறேன், வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாதே. கதவுக்குப் பின்னால் ஆள் நிற்கிறான் என்று பாப்பா காலைத் தூக்கிச் சோபாவில் வைத்துக்கொள்கிறாள். எனக்குக் கதவே தெரியவில்லை. வெறும் கறுப்பு. நீ சொன்ன கறுப்பு அதிகமாகவே இருக்கிறது.

உன் அண்ணியைக் கேட்டேன். அவள் எழுந்து போய் அறையின் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

இதைச் சரிசெய்ய என்ன திருக வேண்டும் என்று வரிசையாக எழுது.

உன் அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணனுக்கு,

வணக்கம். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை.

கடையில் பெட்டியைத் திறந்து அப்படியே கொடுத்திருப்பார்கள். ரிமோட்டில் பட அமைப்புக்குப் போங்கள். 'சினிமா' என்பதை எடுத்துவிட்டு 'சாதாரணம்' வையுங்கள். வெளிச்சத்தை எட்டுப் புள்ளி ஏற்றுங்கள். மின்சாரச் சிக்கனம் என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். அதன் பிறகும் கதவுக்குப் பின்னால் ஆள் தெரியாவிட்டால் ஆள் அங்கே இல்லை என்று அர்த்தம்.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே சுகம். காய்ச்சலை அலட்சியம் செய்யாதே.

எட்டுப் புள்ளி ஏற்றினேன். பிறகு இன்னொரு எட்டு. பாப்பா, "அப்பா, எல்லாரும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்காங்க" என்று சண்டைக்கு வருகிறாள். எனக்கு இப்போதுதான் பரவாயில்லை.

இன்னொரு பழுதும் கண்டுபிடித்திருக்கிறேன். கார்ப் பந்தயத்தில் இடப்பக்கம் கார் வருகிறது என்று பாப்பா கத்துகிறாள். எனக்கு அது நேர் எதிரே வந்த பிறகுதான் தெரிகிறது. திரையின் ஓரங்களில் படம் தாமதமாக வருகிறது போலிருக்கிறது. நாலடி தூரத்தில்தான் உட்காருகிறோம், அதனால் தூரத்தைக் குறை சொல்ல முடியாது. தினமும் தோற்கிறேன். பெரிய பஸ் ஓட்டுகிறவன் பொம்மைக் காரில் தோற்றால் வீட்டில் மரியாதை இருக்குமா? நேற்று அவள் எனக்காக வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாள். அது தோற்பதைவிட மோசமாக இருந்தது. கோபம் வந்து எழுந்து போய்விட்டேன்.

பிளாஸ்மாவைக் கொடுத்துவிட்டு எல்சிடி வாங்கிக்கொள்ளலாமா? எல்சிடியில் பின்னால் எப்போதும் விளக்கு எரியும் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

உன் அண்ணன்


மே 17

அண்ணனுக்கு வணக்கம்.

அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. என் காய்ச்சல் போன இடம் தெரியவில்லை.

ஓரங்களில் தாமதமாக வருவதென்பது பிளாஸ்மாவில் நான் கேள்விப்படாத வியாதி. ஆனால் உங்கள் ஊர்க் கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். பேசிவிட்டேன். அதே அளவு எல்சிடி மாற்றித் தருவார்.

இத்துடன் ஒரு டிஸ்க் அனுப்புகிறேன். நாங்கள் பட்டறையில் திரையைச் சோதிப்பது இதை வைத்துத்தான். அறையை இருட்டாக்கிக்கொண்டு போடுங்கள். முதலில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை இருபது பட்டைகள் வரும். எத்தனை தெரிகிறது என்று எண்ணுங்கள். அடுத்து நடுவில் ஒரு கூட்டல் குறி நிற்கும். கண்ணை அதைவிட்டு நகர்த்தக் கூடாது. சுற்றிலும் ஓரங்களில் இருபத்து நாலு புள்ளிகள் ஒவ்வொன்றாக மின்னும். தெரிந்ததற்கெல்லாம் ஒரு கோடு போடுங்கள். நீங்கள் ஒரு தாளிலும் பாப்பா ஒரு தாளிலும் எழுதி இரண்டையும் அனுப்புங்கள். பழுது எங்கே என்று நான் இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

அன்புத் தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

எல்சிடி வந்து ஒரு மாதமாகிறது. முதல் வாரம் பளிச்சென்று இருந்தது. பிறகு அதுவும் அப்படித்தான்.

உன் டிஸ்கைப் போட்டுப் பார்த்தேன். பட்டை பதினொன்று. புள்ளி ஏழு. வேலை முடிந்து களைத்து வந்த நேரம், அதையும் கணக்கில் எடுத்துக்கொள். பாப்பாவின் தாள் எங்கோ தவறிவிட்டது. அவளுடையது அவசியமில்லை என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், பொதுவாகத்தான். நல்ல டிவியாக இருந்தால் ஒரு மனிதனுக்கு எத்தனை புள்ளி தெரிய வேண்டும்?

அண்ணன்


ஜூலை 13

அண்ணனுக்கு,

நான் நலம், ஆனால் உங்கள் கடிதம் படித்ததிலிருந்து கொதித்துப்போயிருக்கிறேன். நல்ல திரையில் இருபத்து நாலும் தெரிய வேண்டும். இருபத்து மூன்று வந்தாலே திருப்பி அனுப்புவோம். ஏழு புள்ளி காட்டுகிற டிவியை என் தலையில், அதுவும் என் அண்ணன் தலையில், கட்டியிருக்கிறான். கடைக்காரரை விடப்போவதில்லை. டிவி கம்பெனி ஆளை உங்கள் வீட்டுக்கே வரவழைத்து, உங்களையும் அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து, அதே டிஸ்கைப் போட்டுக் காட்டச் சொல்லப்போகிறேன். பாப்பாவின் தாளைத் தேடி எடுத்து வையுங்கள். சாட்சி இரண்டாக இருந்தால் தப்பிக்க முடியாது.

தம்பி


ஆகஸ்ட் 5

தம்பிக்கு அண்ணி எழுதுவது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம். வீட்டுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம், கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பாப்பாவின் தாளை இதில் வைத்திருக்கிறேன். பட்டை பத்தொன்பது, புள்ளி இருபத்து நாலு. அதே டிவி, அதே நாற்காலி, அதே சாயங்காலம். உங்கள் அண்ணன் கிழித்துப் போடச் சொன்னார். அவள் கிழிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சித்தப்பாவிடம் பொய் சொல்ல முடியாது என்றாள்.

நான் பஸ்ஸில் ஓயாமல் பேசுவதாக உங்களுக்கு எழுதியிருக்கிறாராம். "இடதுபக்கம் சைக்கிள்ல போறாரே, எங்க பிரிவு மேஸ்திரி மாதிரியே இல்ல?" என்பேன். "பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைங்க ரோட்டைத் தாண்டுது பாருங்க, எவ்வளவு பை தூக்குதுங்க" என்பேன். ஒன்றரை வருஷமாக இப்படித்தான். இப்படிப் பேசச் சொல்லி அவர் என்னைக் கேட்கவில்லை. ஏன் பேசுகிறேன் என்று நானாகச் சொல்லவும் இல்லை. ஒருநாள் தானாகவே ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை. பகலில் ஒன்றுமில்லை. கம்பெனி டாக்டர் வெளிச்சமான அறையில் வைத்து எழுத்துப் பலகையைக் காட்டுகிறார், கடைசி வரி வரை படித்துவிட்டு வருகிறார். பொழுது சாய்ந்தால் நேரே இருப்பது மட்டும்தான்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து என்னைக் காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நீங்கள் சொன்னால் கேட்பார்.

அண்ணி


ஆகஸ்ட் 12

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கத் தயக்கமாக இருக்கிறது. ஆறு மாதமாகக் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன்.

டிவியில் பழுது இல்லை. முதலில் வாங்கியதிலும் இல்லை, இப்போது இருப்பதிலும் இல்லை. பதினாறு வருஷமாக, படம் சரியில்லை என்று யார் வந்து சொன்னாலும் டிவியைக் கழற்றித்தான் எனக்குப் பழக்கம். பார்க்கிறவரைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை. நீங்கள் முதல் கடிதத்திலேயே இரண்டு தடவை கேட்டீர்கள், இருட்டு எதில் தெரியும் என்று. நான் பிளாஸ்மாவின் பெருமையை எழுதி அனுப்பினேன். அதற்காக என்னை மன்னித்துவிடுங்கள்.

அண்ணா, மாலை வண்டியை ஓட்டாதீர்கள். பகல் வண்டி கேளுங்கள். கண் டாக்டரிடம் போங்கள். எழுத்துப் பலகை போதாது, ஓரப் பார்வையை அளக்கிறவரிடம் போக வேண்டும். அண்ணிமேல் கோபப்படாதீர்கள். என்னிடம் மறைத்திருந்தால்தான் அது துரோகம்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. உங்கள் போக்குவரத்து மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் நீங்களாகச் சொல்லிவிட்டீர்கள் என்று செய்தி வராவிட்டால் தபாலில் போட்டுவிடுவேன்.  நீங்கள் படிக்கவைத்துத்தான் இந்தத் தொழிலைக் கற்றேன்.

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

எல்லாரும் நலம்.

பகல் வண்டி கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் பகல் வண்டியும் இருக்காது. எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. பாப்பா இன்னும் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை. இதுவரை ஒரு கீறல் உண்டா என் வண்டியில்? டிவி பெட்டியைத் திறக்கத் தெரிந்தவன் என் தொழிலில் மூக்கை நுழைக்காதே. உன் இழுப்பறையில் இருப்பதை என்ன செய்ய வேண்டுமோ செய். அதன் பிறகு இந்த வீட்டுப் படியேறாதே.

இனி எழுதாதே.


செப்டம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி?

எழுதாதே என்று சொன்னவன் நானேதான். நீயும் சொன்னபடி எழுதவில்லை. நடந்ததை நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்றாம் தேதி ஓட்டினேன். இரண்டாம் தேதி ஓட்டினேன். முன் இருக்கையில் இஸ்திரிப் பிரிவுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், வாயே திறக்காதவள். முன்னால் போகும் வண்டியின் பின்விளக்கை விடாமல் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். சட்டை நனைந்துவிட்டது. மூன்றாம் தேதி வளைவில் திரும்பும்போது அந்தப் பெண் வீறிட்டாள். பிரேக்கை மிதித்தேன். இடது முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். நின்றிருந்தார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் கீழே இறங்கி, அவர் தோளைத் தொட்டுப் பார்த்து, அடிபடவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

திரும்ப ஏறி இன்ஜினை அணைத்தேன். எழுந்து நின்று அவர்கள் பக்கம் திரும்பினேன். "எனக்கு இருட்டுனா கண்ணு தெரியலை. ஒன்றரை வருஷமா தெரியலை. இதுக்கு மேல நான் ஓட்ட மாட்டேன்" என்று சொன்னேன்.  அந்த இஸ்திரிப் பெண்தான் முதலில் கேட்டாள்.

"அக்கா தினமும் பேசிக்கிட்டே வந்தது இதுக்குத்தானா?"

ஆமாம் என்றேன்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். திட்டுவார்கள் என்று தயாராக இருந்தேன். யாரும் திட்டவில்லை. மெக்கானிக் ஒருவர் மட்டும் என் எதிரில் நின்று, "என் பொண்ணும் இந்த வண்டிலதான் வருது" என்றார்.  அடித்திருந்தால் தேவலை. எல்லாரும் போன பிறகு பார்த்தால் நன்றாக இருட்டிவிட்டிருந்தது, எனக்கு நடந்து போகவும் வழி தெரியவில்லை. இஸ்திரிப் பெண் கையைப் பிடித்து வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டாள்.

மறுநாள் சாவியைக் கொடுத்துவிட்டேன். ஓரப் பார்வை அளக்கிறவரிடமும் போனேன். இது ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருமாம், கண்ணாடி போட்டால் தீராதாம். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாம் என்கிறார். நீ உடனே போய்க் காட்டு, இதில் உன் சாமர்த்தியம் வேண்டாம். கம்பெனியில் பண்டகசாலையில் பகல் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் உத்தரவு வரவில்லை. உன் அண்ணி அழுதாள், பிறகு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினாள்.

சாவியை மேஜையில் வைத்துவிட்டு மேலாளரிடம் கேட்டேன், என் தம்பியிடமிருந்து கடிதம் ஏதாவது வந்ததா என்று. எந்தத் தம்பி என்றார். மூன்று நாளும் அந்தக் கடிதம் வந்து என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்துகொண்டேதான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். வரவில்லை.

உன் மனசு எனக்குத் தெரியும். அனுப்பியிருந்தால் சாகும்வரை உன்னை மன்னித்திருக்க மாட்டேன். ஆனாலும் நீ அனுப்பியிருக்க வேண்டும், தம்பி. வண்டியில் நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள்.

உன் அண்ணன்